வயிற்றின் மேல் வைத்த பை
சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருத் தறிக்காரர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போயிருந்தேன். எக்ஸ்ரேவுக்காக ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது யூரின் பையைத் தூக்கி அவர் வயிற்றின் மேலேயே வைத்தார்கள். டியூபில் நின்ற மஞ்சள் நீர் உடம்பை நோக்கித் திரும்பி ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். நான்காம் நாள் குளிர்காய்ச்சல். அந்த ஒரு தூக்கலால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். டியூப் சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் போனால் அநேகமாக எல்லோருக்கும். கிருமிகள் டியூபின் உட்சுவரில் பாசிபோலப் படிந்துவிட்டால் மருந்தும் எளிதில் எட்டாது. அதனால் முதல் வைத்தியம், அதைச் சீக்கிரம் எடுத்துவிடுவதுதான். ‘இது இன்னும் வேண்டுமா?’ என்று தினமும் ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்க வேண்டும். மறந்தால் நர்ஸம்மா கேட்கட்டும், நாமும் கேட்போம். படுக்கை நனையக் கூடாதென்பதற்காக மட்டும் டியூபை விட்டுவைப்பது கொடுமை. தொடுமுன் கை கழுவுவதும், இணைப்பைக் கழற்றாமலிருப்பதும், பையை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுவதும் காசு கேட்காத காரியங்கள். காய்ச்சல் வந்த மறுநாள் போனபோது, அவர் மனைவி அந்தப் பையைக் கட்டிலின் கீழ்க்கம்பியில் பட்டு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்.