பட்டணத்து மருத்துவர் பட்டிக்கு வரட்டும்!

காய்ச்சல் கொதிக்கும், பல்வலி படுக்கவிடாது. சிறுநீரகமோ, பாதிக்கு மேல் பழுதான பிறகும் வாய் திறவாது! கால் வீங்கி, மூச்சு முட்டி, உழைப்பாளி படுக்கையில் விழுந்த பிறகுதான், "இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும்" என்று சொல்லக் கேட்கிறோம். வாரத்திற்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு பிணைந்து கிடக்க வேண்டும். துணைக்கு ஓர் ஆள் வேறு. இருவர் கூலியும் போயிற்று! சிகிச்சை இலவசமாகவே இருக்கட்டும். போன கூலியை யார் தருவது?

இந்த நிலைக்கு ஆளாகாமல் தடுக்க வழியே இல்லையா? உண்டு, தோழர்களே! நீரிழிவும் இரத்தக் கொதிப்பும்தான் இந்நோய் நுழையும் பெருவாயில்கள். சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா, இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுகிறதா என்று பார்க்கும் இரண்டு எளிய சோதனைகள், நோயைத் தொடக்கத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். முடிவைப் பார்த்து, எந்த மாத்திரை வேண்டும், எந்த வலிமாத்திரையை விட வேண்டும் என்று சொல்ல வல்லுநர் வேண்டும். வல்லுநர் இருப்பதோ பட்டணத்தில். நோயாளி இருப்பதோ பட்டிக்காட்டில்! அந்தத் தூரத்தைத் தாண்டவே தொலைமருத்துவம்.

2019-இல் மத்திய அரசு தொடங்கிய இ-சஞ்சீவனி, சிற்றூர் சுகாதார நிலையத்தைப் பெரிய மருத்துவமனையோடு திரை வழியே இணைத்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', மாத்திரைகளோடு, வயிற்றின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் திரவப் பைகளையும் வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. பழகிக் கொண்டால், இயந்திரமின்றி வீட்டிலேயே அந்தத் திரவத்தை மாற்றலாம். வெளிவரும் நீர் கலங்கியிருந்தால், கிருமி புகுந்ததன் அறிகுறி. படமெடுத்து அனுப்பினால் மருத்துவர் அன்றே எச்சரிக்க முடியும்.

ஆனால், திரை மட்டும் போதுமா? போதாது! திரை இரத்தம் எடுக்காது, அழுத்தம் அளக்காது, மாத்திரை தராது. செவிலியரும் சோதனை வசதியும் மருந்து இருப்பும் இல்லாத ஊரில் மருத்துவரின் முகத்தைக் காட்டுவது, பசித்தவனுக்குச் சோற்றின் படத்தைக் காட்டுவதாகும்! நாம் கேட்பது திரையை மட்டுமல்ல. திரைக்கு இப்பால் நின்று பணிபுரியும் கைகளையும்தான்.

தோழர்களே, உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் அந்த இரு சோதனைகளும் உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில் மனு எழுதுங்கள். நீரிழிவோ கொதிப்போ உள்ளவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்துச் செல்லுங்கள்.

நோய் ஊர் பார்த்து வருவதில்லை. மருத்துவம் மட்டும் ஏன் ஊர் பார்க்க வேண்டும்?