கொதிக்காத கொதிப்பு

இரத்தக் கொதிப்பு என்று நம்மவர்கள் ஒரு வியாதிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயரைக் கேட்டால், சரீரத்துக்குள் உலை கொதிப்பதாகவும், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழும் முன்கோபிகளுக்கே அது வரும் என்றும் தோன்றுகிறது. உண்மையில் அங்கே எதுவும் கொதிப்பதில்லை. இரத்தம் குழாய்ச் சுவர்களை அளவுக்கு மிஞ்சி அழுத்துகிறது, அவ்வளவுதான். பரம சாதுவுக்கும் அது வரும். வந்திருப்பது பெரும்பாலோருக்குத் தெரியவும் தெரியாது.

இந்த அழுத்தம் இருதயத்தை என்ன செய்கிறது என்பதைக் கனகசெட்டிக்குளத்துக் கடற்கரைவாசிகளுக்கு விளக்குவது சுலபம். எதிர்காற்றில் நாள்தோறும் துடுப்புப் போடுகிறவனுடைய தோள் திரண்டு பருக்கிறது அல்லவா? இருதயமும் தசைதான். ஒரு நாளில் சுமார் 1,00,000 தடவை துடிக்கிறது. எதிரே அழுத்தம் ஏறினால், இடது கீழறை முன்னிலும் பலமாக இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. அதனால் அதன் சுவர் தடித்துப் போகிறது.

ஆனால் துடுப்புக்காரனுக்குக் கரையேறினால் ஓய்வு உண்டு. இருதயத்துக்கு அது இல்லை. தடித்த தசைக்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை. நடுவே நார் படர்ந்து சுவர் விறைக்கிறது. விறைத்த அறை விரிந்து கொடுக்க மறுக்கிறது. சிலருக்கு நாளடைவில் அது தளர்ந்து அகன்று, தள்ளும் சக்தியையும் இழக்கிறது. இரத்தம் பின்னால் தேங்க, நுரையீரலில் நீர் கோத்துக் கொள்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் திணறுகிறது, கணுக்கால் வீங்குகிறது. இதையே இருதயச் செயலிழப்பு என்கிறார்கள். இருதயம் நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமல்ல. தேகத்துக்கு வேண்டிய அளவு உழைக்க அதனால் முடியவில்லை என்பதே அர்த்தம்.

இவ்விதம் ஒருவர் படிப்படியாக இறங்கிய சரித்திரம் எண்களோடு பதிவாகியிருக்கிறது. அவர் அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1935-ல் அவருடைய இரத்த அழுத்தம் 136/78. அது 1937-ல் 162/98 ஆயிற்று, 1941-ல் 188/105. (140/90-ஐ எட்டினாலே வியாதி என்பது பொதுக் கணக்கு.) 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூன் என்ற இருதய நிபுணர் பரிசோதித்தபோது, இருதயம் பெருத்து, செயலிழப்பும் தொடங்கியிருந்தது. டிஜிட்டாலிஸ் கொடுத்தார், உப்பையும் சிகரெட்டையும் குறைத்தார், ஓய்வு எடுக்கச் சொன்னார். ஆனால் அழுத்தத்தைத் திறமையாக இறக்கக்கூடிய மருந்து அவர் கைவசம் இல்லை. 1945 ஏப்ரல் 12-ல், 63-ஆம் வயதில், மூளையில் இரத்தம் கசிந்து ரூஸ்வெல்ட் காலமானார். அன்று மேல் எண் 300-ஐத் தாண்டியிருந்தது.

விந்தை என்னவென்றால், அப்படிப்பட்ட சரக்கு ஒன்று நம் நாட்டுக் காடுகளிலேயே இருந்தது. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கிறது என்று கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் 1931-லேயே எழுதியிருந்தார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் பத்திரிகையொன்றில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிஸ் ரஸாயன நிபுணர்கள் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். பிற்பாடு அமெரிக்காவில் பழைய ராணுவத்தினர் 380 பேரிடம் நடந்த பரிசோதனை ஒன்றின் முடிவு 1970-ல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு ரிசர்பின் உள்பட மூன்று மருந்துகள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை உண்டவர்களில் 11 பேருக்கு இருதயச் செயலிழப்பு நேர்ந்தது. மருந்து உண்டவர்களில் ஒருவருக்கும் நேரவில்லை!

இதைப் படித்துவிட்டு யாரும் வேரைத் தோண்டப் புறப்பட வேண்டாம். ரிசர்பின் மனச்சோர்வை உண்டாக்கக்கூடியது. அதைவிட நல்ல மருந்துகள் வந்து அதன் இடத்தைப் பிடித்துக் கொண்டன. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் பார்க்கிறார்கள். மாத்திரையும் இலவசமாகவே தருகிறார்கள். அழுத்தம் இறங்கினால், தடித்த சுவர்கூட ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும்.

பிறகு என்ன குறை? இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் எண் இறங்குகிறது. "இறங்கிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறோம். மாத்திரையினால்தான் இறங்கியது என்பது மறந்துபோகிறது. உப்பு விஷயத்திலும் இதே கதை. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். வடக்கே மரக்காணத்தில் உப்பளம். வீட்டிலே கருவாடு, ஊறுகாய், அப்பளம். ஒரு தேக்கரண்டி எந்த மூலைக்கு?

ரூஸ்வெல்டுக்குத் தம் எண்கள் பதிவாகியிருந்தன, மருந்து இல்லை. நமக்கு மருந்து இருக்கிறது; எண் தெரியவில்லை. 30 வயது கடந்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைத் தெரிந்துகொள்வது நலம். வீட்டில் பெரியவர் யாராவது ஒரு தலையணை போதாமல் இரண்டு, மூன்று வைத்துப் படுக்கத் தொடங்கியிருந்தால், "வயசாகிவிட்டது" என்று சும்மா இருந்துவிடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.