மெருகும் ரயரும்

சென்ற ஞாயிறு என் தமக்கையின் மகன் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும் பொழுதே பேச்சைத் தொடங்கிவிட்டான்.

"மாமா, கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஜாகுவார் மார்க் 2. முழுப் பணமும் கையில் இருக்கிறது. நீங்கள் ஒருக்கால் வந்து பாருங்கோ."

படத்தையும் காட்டினான். கரும்பச்சை நிறம், கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகு, உள்ளே மரப்பலகை பதித்த முகப்பு, தோல் உறையிட்ட ஆசனங்கள். ஆறு வருட உழைப்பில் சேர்த்த பணம் அவனுடையது. அவனுக்குத் திருமணமாகி ஓராண்டாகிறது. தை மாதத்தில் பிள்ளை பிறக்க இருக்கிறது. இவற்றையெல்லாம் எண்ணி நான் பதில் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த வேளையில், அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது:

"தம்பி, முதலில் மாமாவிடம் கடுகண்ணாவக் கதையைக் கேள்!"

அக்கதையைச் சொல்வதற்கு முன், அவனுக்கு நான் விளக்கிய சில செய்திகளை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இப்பகுதியை வாசிக்கும் மாணவர்களுக்கு அவை பயன்படக்கூடும்.

காரை ஓடச்செய்வதற்கு இருவழிகள் உண்டு. மாடு வண்டியை இழுப்பதுபோல முன்சக்கரங்கள் காரை இழுத்துச் செல்லலாம். அல்லது கைவண்டிக்காரன் பின்னின்று தள்ளுவதுபோலப் பின்சக்கரங்கள் உந்திச் செல்லலாம். எஞ்சினை முன்னே வைத்து அதன் வலுவைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் அமைப்பை 1891-ஆம் ஆண்டளவில் பிரான்சிலே பனார் லெவாசோர் நிறுவனத்தார் கைக்கொண்டனர். நெடுங்காலம் உலகத்துக் கார்களிற் பெரும்பாலானவை அவ்வழியே சென்றன. 1959-ஆம் ஆண்டு ஆவணியில், அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த சின்னஞ்சிறு மினி கார் வெளிவந்தது. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கிய அந்த வழியையே இன்றைய சிறு கார்களிற் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. அதே ஆண்டு ஒக்டோபரிலேதான் ஜாகுவார் மார்க் 2 வந்தது. இதுவோ பழைய வழியில், பின்சக்கரங்களால் உந்தப்படும் பெருவண்டி.

வலுமிக்க கார்கள் பலவற்றுக்குப் பின்சக்கர இயக்கம் ஏன் பொருந்துகிறது? பஸ் திடீரென்று புறப்படும்போது நிற்பவர் எல்லோரும் பின்புறமாகச் சாய்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கார் வேகம் எடுக்கும்பொழுதும் அவ்வாறே பாரம் பின்சக்கரங்களின்மேல் அழுந்துகிறது. அழுந்தும் சக்கரம் நிலத்தை இறுகப் பற்றும். ஆதலின் உந்தும் வேலையைப் பின்சக்கரங்களுக்கு ஒப்படைப்பது முறை. முன்சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டுமே எஞ்சும். சுக்கானும் கைக்கு இதமாக இருக்கும்.

ஆயினும் இதிலே ஆபத்து ஒன்றும் மறைந்திருக்கிறது. ரயருக்கு நிலத்தின்மேல் உள்ள பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தைப் போன்றது. காரை முன்னே தள்ளவும் அதுவே வேண்டும். வளைவிலே பக்கவாட்டில் சறுக்காமல் நிற்கவும் அதுவே வேண்டும். மழையில் அச்சம்பளம் மிகவும் சுருங்கிவிடும். அவ்வேளையில் வளைவிலே காலை அழுத்தினால், உள்ள பிடிப்பு முழுவதும் தள்ளுவதிலேயே செலவாகிவிட, காரின் பின்புறம் வெளியே வீசும். பயந்து காலைச் சட்டென்று எடுத்தாலோ பிறேக்கை மிதித்தாலோ, பாரம் முன்னே சாய்ந்து பின்சக்கரங்கள் இலேசாகிவிடும். வீச்சு இன்னும் மோசமாகும். வளைவுக்கு முன்னரே, கார் நேராகச் செல்லும்பொழுதே வேகத்தைக் குறைப்பதும், கால்களை மென்மையாகப் பயன்படுத்துவதுமே இதற்கு மருந்து.

இது கைதேர்ந்த சாரதிகளுக்கும் பொருந்தும். 1958-ஆம் ஆண்டின் உலக மோட்டார்ப் பந்தய வீரராக முடிசூடியவர் மைக் ஹோதோர்ன். அடுத்த ஆண்டு தை மாதம் 22-ஆந் திகதி, இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகருக்கு அருகே ஈரமான சாலையில் அவர் ஓட்டிச்சென்ற கார் கட்டுப்பாட்டை இழந்தது. அவ்விபத்தில் அவர் மாண்டார். அப்பொழுது அவருக்கு வயது 29. அந்தக் கார், மார்க் 2-க்கு முன்பிருந்த ஜாகுவார் 3.4. அவ்வாண்டின் இறுதியில் வந்த மார்க் 2-இல் பின்சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரம் மூன்றங்குலத்துக்கு மேல் கூட்டப்பட்டது. கார் நிலையாக நிற்க அது உதவியது உண்மையே. எனினும் ஈரச் சாலையும் அவசரக் காலும் மாறவில்லை.

இனிக் கடுகண்ணாவக் கதை.

1978-ஆம் ஆண்டு என்னிடமும் பின்சக்கர இயக்கமுள்ள பழைய பெரிய கார் ஒன்று இருந்தது. அதன்மேல் எனக்கிருந்த மோகத்துக்கு அளவில்லை. ஞாயிறு தோறும் மெழுகு பூசி மினுக்குவேன். அவ்வாண்டு தீபாவளிக்கு முன் உடல் முழுவதற்கும் புது வர்ணம் பூசுவித்தேன். பின் ரயர்களின் பள்ளங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தமை எனக்குத் தெரியும். வர்ணத்துக்குப் பணம் போய்விட்டபடியால், ரயரைத் தை மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கண்டியில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு, மழைநாள் மாலையிற் கொழும்புக்குத் திரும்பினோம். மனைவி பக்கத்தில், நான்கு வயது மகள் பின்னாசனத்தில் நித்திரை. கடுகண்ணாவ இறக்கத்தில் ஒரு லொறியை முந்திவிட்டு, அடுத்த வளைவுக்குள் சற்று விரைந்து புகுந்தேன். காரின் பின்புறம் என்னைக் கேளாமலே வெளியே வீசியது. நானும் பயந்து பிறேக்கை மிதித்தேன். அடுத்த கணம், வந்த திசையையே பார்த்தபடி மலைப்பக்க மதகோடு கார் நின்றது. நாங்கள் முந்திவந்த லொறி, விளக்கு எரிய எதிரே வந்து பத்தடி தூரத்தில் நின்றது. மறுபக்கம் பள்ளத்தாக்கு. குழந்தை நித்திரை கலைந்து, "வீடு வந்துவிட்டதா அப்பா?" என்று கேட்டாள்.

மாவனல்லை வரும்வரை என் மனைவி ஒரு சொல்லும் பேசவில்லை. பின்னர் தன் கையிலிருந்த காப்பைக் கழற்றி என் மடியில் வைத்தாள். "நாளைக்கு இதை விற்று ரயர் வாங்குங்கள்" என்றாள். வேறு ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் இவ்வளவு காலம் நினைவில் நின்றிராது.

காரிலே பிழை இல்லை. லொறிக்காரனும் குற்றவாளி அல்லன். மெருகுக்குச் செலவிட்டு ரயருக்குச் சிக்கனம் பிடித்த நானே குற்றவாளி.

கதையைக் கேட்ட மருமகன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பின்பு, "அப்படியென்றால் வாங்க வேண்டாம் என்கிறீர்களா மாமா?" என்றான்.

"வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. வாங்கும் விலையை மட்டும் எண்ணாதே, வைத்திருக்கும் விலையையும் எண்ணு" என்றேன். ஒரு கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி, இருவருமாக எழுதத் தொடங்கினோம்.

முதலாவது, ரயர். பள்ளத்தின் ஆழம் மட்டும் போதாது; வயதும் முக்கியம். ஓடாமல் நிற்கும் காரின் ரயரும் முதுமையடைந்து இறுகிவிடும். ரயரின் பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டும் செய்த வாரத்தையும், கடையிரண்டும் ஆண்டையும் காட்டும். பத்தாண்டு கடந்த ரயரை, பார்வைக்குப் புதிதாயிருந்தாலும், நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, பிறேக். மார்க் 2-இன் நான்கு சக்கரங்களிலும் வட்டத்தகட்டுப் பிறேக்குகள் உண்டு. அக்காலத்தில் அது பெருஞ்சிறப்பு. ஆனால் பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரமேறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தின் சூட்டிற் கொதித்து ஆவியானால், மிதிக்கும் கால் வெறுமனே உள்ளே போய்விடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மலைநாட்டில் இறங்கும்போது தாழ்ந்த கியரிற் போட்டு எஞ்சினையே தடையாகப் பயன்படுத்துவதும் வேண்டும்.

மூன்றாவது, குளிர்ச்சி. 3.8 லீற்றர் எஞ்சின் 220 குதிரைவலு தருவது. அதற்கேற்ற சூடும் தருவது. அதன் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, தலைப்பாகம் அலுமினியம். அரிப்பைத் தடுக்கும் மருந்து கலவாத நீரை ஊற்றினால் அலுமினியம் உள்ளுக்குள் அரிபட்டுப்போகும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலில் வெண்படிவு பிடிப்பதை அறிவோம். றேடியேற்றருக்குள்ளும் அதுவே நிகழும். தெருநெரிசலில் நிற்கும்போது வெப்பமானி முள் ஏறினால், அதைப் பார்த்தும் பாராதவர்போல் இருத்தல் ஆகாது.

நான்காவது, வலுவைப் பின்னே கொண்டுசெல்லும் தண்டும் அச்சும். புறப்படும்பொழுது 'டொக்' என்று அடிப்பாகத்தில் ஒலி கேட்டால் தண்டின் மூட்டுகள் தேய்ந்துவிட்டன என்று ஐயுற வேண்டும். 3.8-இன் பின்னச்சில், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் பொறி உண்டு. அதற்குரிய ஒயிலையே ஊற்றுதல் வேண்டும்.

ஐந்தாவது, துரு. இதுவே இக்காருக்குப் பெரும்பகை. எஞ்சினைப் பழுதுபார்க்கலாம், உடல் உக்கினால் செலவுக்குக் கரை இல்லை. கதவுகளின் கீழுள்ள பெட்டிப்பாகமும், பின்வில் பொருத்தும் இடங்களும் நீர் தங்கி உக்குபவை. துணியிற் சுற்றிய காந்தத்தை உடலின்மேல் நகர்த்திப் பார். ஒட்டாத இடத்தில் மெருகின் கீழ் இரும்பு இல்லை, பசைதான் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தேன்.

கடைசியாகப் பெற்றோல். லீற்றருக்கு ஐந்து அல்லது ஆறு கிலோமீற்றருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 2022-இல் எரிபொருள் பங்கீடு தொடங்கியபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்தது. அந்நாளில் இக்கார் ஒன்று வாரம் முழுவதிலும் ஏறக்குறைய நூறு கிலோமீற்றரே ஓடியிருக்கும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தோம். கார் விலை போக அவன் கையில் எதுவும் மிஞ்சவில்லை. விலையின் மூன்றிலொரு பங்காவது ஒதுக்கி வைத்திருப்பவனே இத்தகைய காரைத் தொடலாம் என்பது என் கணக்கு.

புதன்கிழமை இருவரும் காரைப் பார்க்கப் போனோம். காந்தம் மூன்று இடங்களில் ஒட்டவில்லை. ரயர்கள் பதினொரு வயதுடையவை. எஞ்சினோ கிளப்பியவுடன் இன்னிசைபோல் ஒலித்தது! பொய் சொல்வானேன்? அவ்வொலியைக் கேட்டு என் நெஞ்சும் ஒருகணம் தடுமாறியது. மருமகன் மெருகின்மேல் கையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, விற்பவருக்கு வணக்கம் கூறித் திரும்பிவிட்டான்.

ஆசையை அவன் விட்டுவிடவில்லை. இன்னும் இரண்டு வருடம் சேர்த்து, உடல் உக்காத கார் ஒன்றைத் தேடப்போகிறானாம். நல்லது. வலுவான காரை விரும்புவது குற்றமன்று. அதைத் தாங்கும் வலு நம்மிடம் சேருமுன் வாங்குவதே குற்றம்.

வீடு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கைக்காப்பைத் திருகியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அதை விற்கவில்லை. கடன் வாங்கித்தான் ரயர் போட்டேன்.

"அவன் கார் வாங்கும் அன்றைக்கு நாங்கள் என்ன கொடுப்பது?" என்று கேட்டேன்.

"நாலு ரயர்" என்றாள்.