மறைந்து நிற்பவன் யார்?



அமெரிக்க நாட்டில் 1930 முதல் ஏறக்குறைய முப்பது வருஷ காலம் துப்பறியும் நாடகங்களும் திகில் நாடகங்களும் ரேடியோவிலே கொடிகட்டிப் பறந்தன. அவற்றுள் பேர் போனது ‘தி ஷேடோ’, அதாவது ‘நிழல்’ என்பது. அதன் கதாநாயகன் லாமண்ட் கிரான்ஸ்டன் கீழ்நாட்டிலே கற்ற வசிய சக்தியால் மனிதர் மனதை மயக்கி, கண்ணுக்குத் தெரியாமல் நின்று குற்றவாளிகளைப் பிடிப்பானாம். 1931-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் தொடங்கிய ‘மந்திரவாதி சாண்டு’ நாடகத்திலோ, இந்திய யோகி ஒருவனிடம் மாய வித்தை கற்ற வெள்ளைக்காரனே கதாநாயகன்.

இப்படி ஒரு சேதி கிடைத்தால் நம் வைதீகர்களுக்குத் தலைகால் புரியாது. “பார்த்தீரா, நம் யோக சித்தியை வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான்!” என்று மார்தட்டக் கிளம்பிவிடுவார்கள்.

ஒப்புக்கொண்டவன் யார் என்று விசாரிப்போம். ‘நிழல்’ கதைகளை 1931 முதல் பத்திரிகையிலே எழுதியவர் வால்டர் கிப்சன். இவர் செப்பிடு வித்தை தெரிந்தவர். வித்தைக்காரர் ஹூடினிக்காக எழுதிக் கொடுத்தவர். தந்திரத்தின் உள்ளும் புறமும் அறிந்த இந்த மனிதர், தம் கதாநாயகனுக்குக் கண்ணுக்குத் தெரியாமற் போகும் சக்தியைக் கொடுக்கவில்லை. கறுப்பு அங்கியும், தொப்பியும், மாறுவேஷமும், இருட்டுமே கொடுத்தார். 1937-ல், 22 வயது ஆர்சன் வெல்ஸ் நடிக்கப் புதிய ரேடியோ நாடகம் வந்தபோதுதான் அந்த மறையும் சக்தி வந்து சேர்ந்தது.

ஏன் வந்தது? யோசித்துப் பாருங்கள். ரேடியோவிலே கதாநாயகன் மட்டுமா கண்ணுக்குத் தெரிவதில்லை? திருடனும் தெரிவதில்லை, போலீஸ்காரனும் தெரிவதில்லை! மேடையில் ஒருவனை மறைப்பதற்குத் திரை வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும். ரேடியோவிலோ குரலைச் சற்று மாற்றினால் போதும். காலணாச் செலவில்லாத சித்தி! அந்தக் காலத்து ரேடியோ நாடகங்களில் குதிரைக் குளம்பொலிக்குத் தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டினார்கள். நெருப்பு எரிவதற்குச் செலோபேன் தாளைக் கசக்கினார்கள். இடிக்குத் தகரத் தகட்டை ஆட்டினார்கள். இந்த நாடகத்தைக் கேட்டு யோக சித்தி உண்மை என்று நம்புகிறவன், அந்தச் சிரட்டைச் சத்தத்தைக் கேட்டுக் குதிரைக்குக் கொள்ளும் வைக்க வேண்டியதுதான்!

நிற்க. இதற்கெல்லாம் பணம் கொடுத்தவர்கள் யார்? ‘நிழல்’ நாடகத்துக்கு வெகுகாலம் பணம் கொடுத்தவர்கள் ‘புளூ கோல்’ என்னும் நிலக்கரி விற்றவர்கள். சாண்டுவுக்குச் சோப்பு விற்றவர்கள். மறைந்து நின்றவன் யோகியல்ல, வியாபாரி! ஆனால் அவனிடமும் ஒரு நேர்மை உண்டு. காசை வாங்கிக்கொண்டு கரியைக் கொடுத்தான். நம் யோகி காசை வாங்கிக்கொண்டு கொடுப்பதோ வெறும் சாம்பல்!

எல்லா நாடகமும் புரட்டு என்று நாம் சொல்ல வரவில்லை. 1942 முதல் 1962 வரை நடந்த ‘சஸ்பென்ஸ்’ வரிசையில், லூசில் ஃபிளெட்சர் என்ற அம்மையார் எழுதி, ஆக்னஸ் மூர்ஹெட் அம்மையார் நடித்த ஒரு நாடகம் 1943 மே 25-ந் தேதி ஒலிபரப்பாயிற்று. படுக்கையிலே கிடக்கும் நோயாளிப் பெண்ணுக்கு டெலிபோன் தவறுதலாக இணைந்து, இரவு பதினொன்றேகால் மணிக்கு யாரோ ஒரு பெண்ணைக் கொல்ல இருவர் திட்டம் போடுவது கேட்கிறது. டெலிபோன் நிலையத்தாரிடம் கெஞ்சுகிறாள், போலீசாரிடம் முறையிடுகிறாள். ஒருவரும் காது கொடுப்பதில்லை. கொல்லப்பட இருந்தவள் அவளேதான்!

இதிலே பேயில்லை, பிசாசில்லை, கிரகமில்லை. அவளைக் கொன்றது விதியா? கொலைகாரனும், விசாரிக்கச் சோம்பிய மனிதர்களுமல்லவா? கேட்டவர்களை நடுங்க வைத்து, பல தடவை மறுபடியும் ஒலிபரப்பான நாடகம் இது. நடுங்க வைப்பதற்கு மாயம் தேவையே இல்லை, உண்மையே போதும் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

கதை கேட்பது தப்பல்ல. கேளுங்கள், நடுங்குங்கள், ரசியுங்கள். ஆனால் நாளைக்கு உங்கள் ஊரிலே ஒரு பெண் கிணற்றில் பிணமாக மிதந்து, “முனி அடித்துவிட்டது” என்று பூசாரி உடுக்கையைத் தூக்குவானேயானால், அங்கே கதை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ‘இதில் மறைந்து நிற்கும் மனிதன் யார்?’ என்று கேளுங்கள். முனியின்மேல் பழி விழுந்த இடத்திலெல்லாம் ஒரு மனிதன் தப்பித்துக்கொள்கிறான் என்பதை மறவாதீர்கள்!