"பேனல் போச்சு சார்!"

ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு பதிவு. வழக்கம்போல புலம்பல்தான், ஆனா இந்தத் தடவை ஆபீஸ் புலம்பல் இல்லை.

போன மாசம் ஒரு ராத்திரி, அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் இருக்கும் எங்க வீட்டு ஹாலில் இருந்து அம்மா குரல். "டேய், டிவியில பேசறாங்க, ஆனா யாரையும் காணோம்டா!"

போய்ப் பார்த்தேன். ஆன் பண்ணினால் கம்பெனி பேர் ஒரு செகண்டு பளிச்சென்று வருகிறது, அப்புறம் கும்மிருட்டு. சத்தம் மட்டும் ஜோராக வருகிறது. ரிமோட்டை அமுக்கினால் சேனல்கூட மாறுகிறது. 32 இன்ச் எல்இடி டிவி, வாங்கி நாலு வருஷம்தான் ஆகிறது. வாரண்டி எப்பவோ முடிஞ்சு போச்சு.

"நீ இஞ்சினியர்தானே, கொஞ்சம் பாரேன்" என்றார் அம்மா. நாலு வருஷம் ஈசிஈ படிச்சுட்டு ஜாவா எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன்.

வந்தவர் ஆன் பண்ணினார், ஆஃப் பண்ணினார். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. "பேனல் போச்சு சார். மாத்தினா 11,000 ஆகும். அதுக்குப் புதுசே 13,000-க்கு வாங்கிடலாம். எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க." வந்து போனதுக்குத் தனியாக 450 ரூபாய். அஞ்சு நிமிஷத்தில் ஒரு டிவிக்கு மரண சான்றிதழ்!

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. சி.டி.எச். ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் பழைய டிவி மெக்கானிக் அண்ணனிடம் தூக்கிட்டுப் போனோம். அவர் செய்த முதல் வேலை, கடை லைட்டை அணைத்தது. மொபைல் டார்ச்சைப் போட்டு ஸ்க்ரீன் பக்கத்தில் சாய்வாகப் பிடித்தார். "நல்லா உத்துப் பாருங்க தம்பி."

மங்கலாக, நிழல் மாதிரி, ஒரு சீரியல் மருமகள் அழுதுகொண்டிருந்தார்.

"பேனல் போயிருந்தா இந்தம்மா எப்படி அழுவாங்க?"

போனது பேக்லைட். எல்சிடி கண்ணாடி தானாக வெளிச்சம் தராது. அது ஜன்னல் மாதிரி, பின்னாடி இருந்து வரும் வெளிச்சத்தை எங்கே விடணும், எங்கே மறைக்கணும் என்பதுதான் அதன் வேலை. பழைய எல்சிடி டிவிகளில் அந்த வெளிச்சத்துக்கு மெல்லிசான குழல் விளக்குகள் இருந்தன. இப்போ எல்இடி பட்டைகள். "எல்இடி டிவி"ன்னு நாம வாங்கறதில் எல்இடி இருப்பது பின்னாடிதான், படம் காட்டுவது அதே எல்சிடிதான்!

இந்த பல்புகள் தீபாவளி சீரியல் செட் மாதிரி வரிசையாகக் கோர்த்திருக்கும். ஒண்ணு அவுட் ஆனா கரண்ட் ஓடாது. டிரைவர் சர்க்யூட் ஏதோ தப்பு என்று பாதுகாப்புக்காக மொத்தத்தையும் அணைத்துவிடும். அந்த ஒரு செகண்டு பளிச்சுக்குக் காரணம் இதுதான்.

ஏன் சீக்கிரம் போகுது? கடையில் கண்ணைப் பறிக்கணும் என்று வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருப்பார்கள். நாமும் வீட்டில் அதே 'விவிட்' மோடில் வருஷக்கணக்கில் ஓட்டுகிறோம். எல்இடிக்கு எமன் சூடுதான். ஒல்லியான டிவியில் அந்தச் சூடு போக இடமும் குறைவு.

அண்ணன் ரெண்டு மணி நேரம் வேலை பார்த்தார். நான் மூச்சு விடாமல் பக்கத்தில் நின்றேன். கண்ணாடியின் ஓரத்தில் காகிதம் மாதிரி ரிப்பன்கள் இருக்கின்றன, ஒண்ணு கிழிஞ்சாலும் நிஜமாகவே பேனல் காலி. உள்ளே இருக்கும் ஷீட்களை எடுத்த வரிசையிலேயே தூசி படாமல் திருப்பி வைக்கணும். டெஸ்டர் வைத்துப் பார்த்ததில் ஒரு பல்பு எரியவே இல்லை, ரெண்டு மினுக்கியது. ஆனால் முழு செட்டையும் மாற்றினார். "போனதை மட்டும் மாத்தினா அடுத்த மாசம் பக்கத்து வீட்டுக்காரன் போவான் தம்பி." பட்டைகள் ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருந்தவை. மொத்த பில் 1,800 ரூபாய்.

11,000 எங்கே, 1,800 எங்கே?

இதே மாதிரி நான் வேலை பார்க்கிற இடத்தில், லாக் ஃபைலைத் திறக்காமலே "சர்வர் போச்சு, புதுசு வாங்குங்க"ன்னு சொன்னா மேனேஜர் என்னை விடுவாரா? டிவிக்கு மட்டும் ஏன் இதை நாம் ஒத்துக்கிறோம்?

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, மறைக்கல. பேனலைப் பிரிக்கும்போது உடைஞ்சா யார் பொறுப்பு? மொத்தமா மாத்தினா அந்த வம்பு இல்லை. சரி, அதை எங்ககிட்ட சொல்லுங்க. "போனது பேக்லைட், பிரிக்கிறதுல ரிஸ்க் இருக்கு, என்ன செய்யலாம்?"ன்னு கேட்டா நாங்க முடிவு பண்ணிக்கிறோம். போகாததைப் போச்சுன்னு சொல்றதுதான் தப்பு.

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல், ஒரு டிவி மாடலின் கடைசி செட் சந்தைக்கு வந்த பிறகும் 7 வருஷத்துக்குக் குறிப்பிட்ட சில உதிரி பாகங்கள் கிடைக்கணும் என்று விதி. பிரான்சில் அதே வருஷம் ஜனவரியில், டிவியை ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மார்க் போட்டு கடையிலேயே காட்ட வைத்தார்கள். நம்ம மத்திய அரசும் 2022 ஜூலையில் இதுக்குக் கமிட்டி போட்டு, டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல் திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனா போர்ட்டல் சட்டம் ஆகாது. எந்த பாகம் போச்சு என்று எழுதிக் கொடுக்கணும், பேக்லைட் பட்டையைத் தனியாக விற்கணும், இந்த ரெண்டையும் கட்டாயமாக்கினாலே பாதி டிவி பிழைக்கும்.

இன்னொரு விஷயமும் உறுத்துது. எங்க வீட்டு முதல் கலர் டிவி, 2006-ல் வந்த கலைஞர் ஆட்சியின் இலவச டிவிதான். அது மக்கர் பண்ணினால் இதே அண்ணன் பையைத் தூக்கிட்டு வீட்டுக்கே வருவார். "அந்தக் காலத்து செட்ல சர்க்யூட் டயகிராம் கூடவே வரும். இப்ப நாங்களே தோண்டிக் கண்டுபிடிக்கணும்" என்றார். ஆவடி, பூந்தமல்லி பக்கமெல்லாம் இப்படிச் சின்னச் சின்னக் கடைகள் இருக்கு. "பேனல் போச்சு"ங்கிற ஒரு வார்த்தையில் நம்ம டிவி மட்டும் போகலை, அவங்க பிழைப்பும் சேர்ந்து போகுது.

அதனால் மக்களே, உங்க டிவியில் சத்தம் வந்து படம் வரலைன்னா, முதலில் லைட்டை அணைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. மங்கலாகப் படம் தெரிஞ்சா பேக்லைட் பக்கம்தான் கோளாறு. விரிசல் இருந்தாலோ, பாதி ஸ்க்ரீன் மட்டும் தெரிஞ்சாலோ அது பெரும்பாலும் நிஜமாகவே பேனல். ஆனா நீங்களே பின்பக்கம் திறந்துடாதீங்க. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் பவர் போர்டு கெபாசிட்டரில் ஷாக் அடிக்கிற அளவு வோல்டேஜ் இருக்கும். டிவி நல்லா இருக்கும்போதே செட்டிங்கில் போய் பேக்லைட்டை 60-க்கு இறக்குங்க. (பிரைட்னஸ் இல்லை, பேக்லைட். ரெண்டும் வேற வேற.)

பி.கு: அம்மாவுக்கு சீரியல் திரும்பக் கிடைச்சுடுச்சு. மருமகள் இன்னும் அழுதுட்டுத்தான் இருக்கார், இப்போ நல்ல வெளிச்சத்தில்.