நடிகரின் புகழ் யாருக்கு உரியது?

நாடகக் கலையைப்பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கற்றோரிடையே இருவகைக் கொள்கை நிலவக் காண்கின்றோம். நடிப்பு வெறும் பொழுதுபோக்கு, அதனைக் கண்டு மகிழலாமேயன்றி வாழ்க்கைத் தொழிலாக மேற்கொள்ளலாகாது என்பார் ஒருசாரார். நடிகர் ஈட்டும் பொருளும் புகழுமே அக்கலையின் பயன், நாடகமேடை படவுலகிற்கு ஏறும் ஏணியேயாம் என்பார் மற்றொருசாரார். இவ்விரு கொள்கையும் நாடகத்தை அதற்குரிய பீடத்தினின்று இறக்கிவிடுகின்றன என்பது நம் துணிபு. நடிகர் பெறும் புகழ் பொதுமக்கள் அவரை நம்பி ஒப்புவித்த பொருள் போல்வது. அதனை அவர் மீண்டும் மக்களுக்கே பயன்படுத்தக் கடமைப்பட்டவர். இவ்வுண்மையைச் சொல்லாற் கூறாது செயலாற் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு நடிகர் ஜெரார் பிலிப். முப்பத்தாறே ஆண்டுகள் வாழ்ந்த அவரது வரலாற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

ஜெரார் பிலிப் 1922-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாள், பிரான்சின் தென்கடற்கரையிலுள்ள கான் நகரில் பிறந்தார். 1942-இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்த நாளில், அண்மையிலுள்ள நீஸ் நகரில் முதன்முதல் மேடையேறினார். பின்னர்ப் பாரிஸ் சென்று, 1943-இல் ஜிரோடூ என்பார் இயற்றிய நாடகமொன்றில் தேவதூதனாகத் தோன்றி அறிஞர் கண்ணிற் பட்டார். 1945-இல் ஆல்பெர் காம்யூ இயற்றிய ‘கலிகுலா’ நாடகத்தில் கொடுங்கோல் மன்னனாக நடித்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டே. தேவதூதனும் கொடுங்கோலனும் ஆகிய இருவேறு பாத்திரங்களை இரண்டாண்டிற்குள் ஏற்று இரண்டிலும் வெற்றி கண்டமையே அவரது ஆற்றலுக்குத் தக்க சான்றாம்.

போர்க்காலம் அவர் குடும்பத்தைப் பிளந்துவிட்டது. தந்தையார் நாட்டைக் கைப்பற்றியிருந்த ஜெர்மானியருக்குத் துணைநின்றவர். போர் முடிந்தபின் தண்டனைக்கு அஞ்சி ஸ்பெயின் தேசத்திற் போய் வாழலானார். மகனோ 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலைபெற்ற நாட்களில் நகரமன்றக் கட்டடத்தைக் காத்துநின்ற கூட்டத்தில் ஒருவராயிருந்தார். தந்தையும் மகனும் எதிரெதிர் அணியில் நிற்க நேர்ந்த இத்துயரைப் பிலிப் தம் புகழுக்கு ஒருபோதும் விலைப்பொருளாக்கியதில்லை.

படவுலகப் புகழ் அவரை விரைவில் நாடிவந்தது. போர்முனைக்குச் சென்ற வீரனொருவனின் மனைவியைக் காதலித்த இளைஞனின் கதையாகிய ‘உடலிற் புகுந்த பிசாசு’ 1947-இல் வெளிவந்தது. அக்கதை பலரைச் சினங்கொள்ளச் செய்தது. எனினும் பிரஸ்ஸெல்ஸ் நகரில் நிகழ்ந்த படவிழாவில் சிறந்த நடிகருக்குரிய பரிசு பிலிப்புக்குக் கிடைத்தது. 1952-இல் வெளிவந்த ‘ஃபான்ஃபான் லா துலீப்’ என்னும் படத்தில் வாளேந்திக் குதித்தாடும் வீரனாக அவர் தோன்றியபோது, அவர் முகம் பிரான்சின் எல்லையைக் கடந்து எண்ணிறந்த நாடுகளிற் பழக்கமாயிற்று. இந்நிலையை அடைந்த நடிகர் இனித் தம் விலையைத் தாமே குறித்துக்கொள்ளலாம். பிலிப் செய்தது யாது?

அக்காலத்தில் ஜான் விலார் என்னும் பெரியார், நாடகம் செல்வர்க்கு மட்டும் உரிய விருந்தாக இருத்தல் தகாதெனக் கருதி உழைத்துவந்தார். குடிநீரும் விளக்கொளியும் போல நாடகமும் மக்கட்கு வழங்கப்பெறவேண்டிய பொதுப்பணியே என்பது அவர் கொள்கை. 1947-இல் அவிஞோன் நகரிலுள்ள பழைய போப்பரசர் மாளிகையின் முற்றத்தில் திறந்தவெளி நாடகவிழாவைத் தொடங்கியவர் அவரே. தம் குழுவில் நடிக்குமாறு முன்னர் அவர் அழைத்தபோது, உயர்ந்த அவலநாடகம் தமக்கு இயையாதெனப் பிலிப் மறுத்துவிட்டார். ஆனால் 1950-ஆம் ஆண்டின் இறுதியில் தாமே விலாரை நாடிச்சென்று தம்மை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டார். மறுவருடம் அவிஞோனில் கொர்னேய் இயற்றிய ‘லெ சித்’ நாடகத்தில் ரொத்ரீக் என்னும் இளவீரனாகத் தோன்றினார். ஒத்திகையின்போது மேடையினின்று விழுந்து காயமுற்றும் அவர் நடிப்பைக் கைவிடவில்லை. பள்ளிப்பாடமாக மனப்பாடம் செய்யப்பெற்று உயிரிழந்து கிடந்த அப்பழஞ்செய்யுட்கள், அவர் குரலில் இளைஞனொருவனின் வாய்மொழியாகவே ஒலித்தன என்பர் கேட்டோர்.

அவ்வாண்டிலேயே விலார் தேசிய மக்கள் நாடக அரங்கின் தலைவராக நியமனம் பெற்றார். பாரிஸில் அவருக்கு வாய்த்த ஷாயோ மாளிகை அரங்கில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. அவர் வகுத்த முறைகள் நம் கருத்திற்குரியன. கட்டணம் குறைக்கப்பெற்றது. இருக்கை காட்டுவோர்க்கு இனாம் கொடுக்கும் வழக்கம் ஒழிக்கப்பெற்றது. புறநகர்த் தொழிலாளர் நாடகம் முடிந்தபின் கடைசி வண்டியைப் பிடித்து வீடு சேரவேண்டி, ஆட்டம் முன்னேரத்திலேயே தொடங்கிற்று. குறித்த நேரத்திற்குப் பின் வருவோர் யாவராயினும் உள்ளே விடப்பெறவில்லை. அரசாங்க உதவி உண்டெனினும் நஷ்டம் நேரின் அதற்கு விலாரே பொறுப்பாளி. கட்டணமோ குறைவு, அரங்கமோ பெரிது. நாள்தோறும் அவையை நிரப்பினாலன்றி இம்முயற்சி நிலைபெறுமாறில்லை.

பிலிப்பின் புகழ் பயன்பட்டது இவ்விடத்திலேதான். திரையிற் கண்ட முகத்தை நேரிற் காணும் ஆவலால் வந்த மக்கள், கொர்னேயையும் முஸ்ஸேயையும் கிளைஸ்ட்டையும் கேட்டுச் சென்றனர். வந்தது நடிகருக்காக, பெற்றதோ இலக்கியம். அக்குழுவின் விளம்பரத் தாள்களில் நடிகர் பெயர்கள் அகரவரிசைப்படியே அச்சிடப்பெற்றன. உலகறிந்த பிலிப்பின் பெயரும் தனக்குரிய எழுத்தின் வரிசையிலேயே நின்றது. 1951 நவம்பரில் பாரிஸின் புறநகராகிய சுரேனில் அரங்கின் பணி தொடங்கியபோது, ‘லெ சித்’ நாடகத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்ற அவரே, பிரெக்ட் இயற்றிய ‘தாய் கரேஜ்’ நாடகத்தில் அத்தாயின் மக்களுள் ஒருவனாகச் சிறு பாத்திரமும் ஏற்றார். 1952-இல் முஸ்ஸேயின் ‘லொரென்சாச்சியோ’ நாடகத்தை அவிஞோனில் இயக்கி நடத்தும் பொறுப்பையும் தாங்கினார். இடையே சில ஆண்டுகள் படங்களிலேயே மிகுதியும் ஈடுபட்டாரெனினும், 1958-இல் அக்குழுவிற்கே மீண்டார். முதல்வனாக நிற்கவும் துணைவனாக நிற்கவும் ஒருங்கே மனங்கொள்ளுதல் நடிகர்க்கு அரிய குணம்.

இனி, மறுப்போர் கூற்றையும் ஆராய்தல் முறையாம். இலக்கியங்களைத் திரைப்படமாக்கும் அக்காலத்து முறையை இளைஞரான திரூஃபோ 1954-இல் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிலிப் புகழ்பெற்ற படங்களிற் சில அம்முறையில் எழுந்தவையே. பின்வந்த தலைமுறையார் அப்படங்களைப் பழமைப்பட்டனவென ஒதுக்கியதும் உண்டு. அவர்தம் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டென ஒப்புகின்றோம். ஆயினும் ஒன்று கருதவேண்டும். படச்சுருள் நிலைத்து நிற்கிறது. மேடை நடிப்போ திரை விழுந்ததும் மறைகிறது. எஞ்சிய படங்களை மட்டும் கொண்டு பிலிப்பை அளப்பவர், நிழலை வைத்து மரத்தின் கனியை மதிப்பிடுபவரே. அழியும் கலையென்று அறிந்தும் அதற்கே தம் சிறந்த ஆண்டுகளை அளித்தார் என்பதே அவரது பெருமை.

தொழில்முறையில் தம்மினும் தாழ்ந்தோரையும் அவர் மறந்தாரில்லை. 1957-இல், நடிகர்கள் நாய்களல்லர் என்னும் பொருள்பட்ட தலைப்பிட்டுக் கட்டுரையொன்று வரைந்து, தம் தொழிலினரது உரிமைக்காக வாதாடினார். பிளவுபட்டுக் கிடந்த நடிகர் சங்கங்கள் 1958-இல் ஒன்றுபட்டபோது, அச்சங்கத்தின் தலைவராயினார். தமக்கு யாதொரு குறையுமில்லாத ஒருவர், கூலி குறைந்தோர்க்காகப் பேசுதல் எளிதன்று. அவர் சொல்லுக்கு மதிப்பளித்ததும் அவர் புகழே. அப்புகழை அவர் செலவிட்ட இடங்களுள் இஃது ஒன்று.

1959 நவம்பர் 25-ஆம் நாள், தம் முப்பத்தேழாம் பிறந்தநாளுக்குச் சில தினங்களே இருக்க, ஈரற் புற்றுநோயால் பிலிப் உயிர்நீத்தார். நோயின் உண்மையை மனைவியார் அவருக்கு உரைக்காது மறைத்தே காத்தார். தென்கடற்கரையை அடுத்த ரமத்துவேல் என்னும் சிற்றூரில், ரொத்ரீக் பாத்திரத்திற்கு அணிந்த உடையுடனேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. உலகெங்கும் அவரை அறிவித்தது திரை. அவர் பூண்டு சென்றதோ மேடையின் உடை. அவரை உள்ளவாறு அறிந்தோர் அவரை எங்ஙனம் கருதினர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்காள்! நாடகம் கற்றோர்க்கு இழிவென்பாரும், புகழுக்கு ஏணியென்பாரும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பாராக. கல்லூரி மேடையில் அரசன் வேடம் தமக்குக் கிடையாவிடின் ஒதுங்கி நிற்பாரும் இதனை எண்ணுவாராக. நும்முள் எல்லோரும் நடிகராகப் போவதில்லை. ஆனால் சட்டத்திலோ மருத்துவத்திலோ ஆசிரியப்பணியிலோ நும்முட் சிலர்க்கேனும் பெயரும் செல்வாக்கும் ஒருநாள் வந்து சேரும். அன்று, அப்பெயரால் எத்தனை பேர்க்குக் கதவு திறந்தது என்பதே வினா. விலை குறைந்த இருக்கையில் அமர்ந்து, முதன்முறையாகக் கொர்னேயின் சொற்கேட்ட சுரேன் நகரத் தொழிலாளர்க்கு அக்கதவைத் திறந்தவருள் ஜெரார் பிலிப் ஒருவர். நடிகரின் புகழ் யாருக்கு உரியது என்னும் வினாவிற்கு நாம் அறிந்த சிறந்த விடை அதுவே.