உதவி வேறு, நட்டஈடு வேறு

ஜேர்மனி நமீபியாவுக்கு நிறைய உதவி செய்கிற நாடு எண்டு சொன்னால் அது பொய்யில்லை. 1990இல் நமீபியா சுதந்திரம் அடைந்ததிலிருந்து ஜேர்மனி பெருந்தொகை அபிவிருத்தி நிதி கொடுத்து வருகிறது. எங்களுக்குப் பிரச்சினை, 'உதவி' எண்ட அந்தச் சொல்தான்.

1884 முதல் 1915 வரை நமீபியா ஜேர்மனியின் காலனி. நிலத்தையும் மாடுகளையும் பறிகொடுத்த ஹெரேரோ மக்கள் 1904இல் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த ஒக்டோபரில் தளபதி லொதார் வொன் ட்ரோதா, காலனியின் எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோக்களைச் சுடும்படி கட்டளையிட்டார். ஒமஹெகே பாலைவனத்துக்குத் துரத்தப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் தண்ணியில்லாமல் செத்தார்கள். நாமா மக்களும் தப்பவில்லை. பிடிபட்டவர்கள் லூடரிட்ஸ் துறைமுகத்தில் உள்ள சுறாத் தீவு போன்ற முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1908க்குள் ஹெரேரோக்களில் பெரும்பகுதியும் நாமாக்களில் ஏறக்குறைய பாதிப்பேரும் அழிக்கப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது.

2021 மே மாதம் ஜேர்மனி இதை 'இன்றைய பார்வையில்' இனப்படுகொலை என ஏற்றுக்கொண்டது. 30 வருடங்களில் 1.1 பில்லியன் யூரோ தருவதாகவும் சொன்னது. ஆனால் அது நட்டஈடு இல்லையாம், அபிவிருத்தித் திட்டங்களுக்கான நிதியாம். 1948இன் இனப்படுகொலைச் சமவாயம் பின்னோக்கிச் செல்லாது, ஆகவே சட்டப் பொறுப்பு இல்லை, தார்மீகப் பொறுப்பு மட்டும்தான் எண்டது அவர்கள் வாதம்.

சொல்லில என்ன கிடக்கு, காசு வந்தால் சரிதானே எண்டு கேட்கலாம். நட்டஈடு எண்டால் பாதிக்கப்பட்டவர் உரிமையோட கேட்கலாம். உதவி எண்டால் எதுக்கு, எவ்வளவு எண்டதில கொடுக்கிறவரின் விருப்பமும் சேர்ந்திருக்கும். அது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலாகவும் போயிடும். அண்டைக்குப் பாலைவனத்தைத் தாண்டித் தப்பினவர்களின் பேரப்பிள்ளைகள் இண்டைக்கும் பொட்ஸ்வானாவில் இருக்கினம். நமீபியாவின் சில பிராந்தியங்களுக்கு வருகிற திட்டம் அவர்களை எப்படிச் சேரும்? பேச்சுவார்த்தையில் ஹெரேரோ, நாமா பிரதிநிதிகள் சிலர் பங்கெடுத்தது உண்மை. ஆனாலும் முக்கியமான பாரம்பரியத் தலைமைகள் 'எங்களைத் தவிர்த்துச் செய்த உடன்பாடு' எண்டு அதை நிராகரித்து, நமீபிய நீதிமன்றத்துக்கும் போனார்கள்.

இப்ப வர்த்தகமும் சேர்ந்திருக்கு. எரிசக்திக்கு மாற்று வழி தேடுகிற ஜேர்மனிக்கு நமீபியாவின் பச்சை ஐதரசன் தேவை. அதற்கான பெரிய திட்டம் ஒன்று அதே லூடரிட்ஸ் பக்கத்தில் வரவிருக்கிறது. துறைமுகத்தை விரிவாக்கினால் சுறாத் தீவில் இறந்தவர்களின் எச்சங்கள் குலைந்துபோகும் எண்டு சந்ததியினர் எதிர்க்கினம். நமீபிய இளைஞர்களுக்கு வேலை வேணும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்காக உறவுகளின் புதைகுழியை விட்டுக்கொடு எண்டு கேட்க ஒருத்தருக்கும் உரிமையில்லை.

பொட்ஸ்வானாவில் இருப்பவர்களையும் சேர்த்து, அந்த மக்கள் தாங்களே தெரிந்தவர்களோடு ஜேர்மனி திரும்பப் பேச வேண்டும். கொடுக்கிற காசை நட்டஈடு எண்டே எழுத வேண்டும். தீவை ஆராய்ந்து பாதுகாத்த பிறகுதான் துறைமுக வேலை தொடங்க வேண்டும். ஜேர்மனி கொடுக்க வேண்டியது கடன். அதைத் தானமெண்டு கணக்கெழுத விடக்கூடாது.